பிள்ளைக்கு என்ன அடையாளம்?

ஆகாய விமானப் பிரயாணத்தைப் பற்றி எழுதப் புகுவோர் மேகங்களையும் மலைகளையும் வருணிப்பது வழக்கம். நானோ கடதாசிகளைப் பற்றி எழுதப் போகின்றேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். மேகங்கள் எல்லார்க்கும் பொதுவானவை. ஒரு பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு விமான நிலைய வாயிலில் நிற்பவனுக்குக் கடதாசிகளே உலகம்.

2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் என் தங்கையின் மகனை மதுரைக்கு அழைத்துச் சென்றேன். பதினொரு வயது முடிந்த பிள்ளை. பார்வை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வர, மதுரையிலுள்ள கண் வைத்தியசாலை ஒன்றிற் காட்டும்படி இங்குள்ள வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார். தங்கை அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அவளுடைய கணவர் காலமாகி மூன்று ஆண்டுகளாகின்றன. ஆகவே மாமனாகிய நானே பிள்ளையோடு புறப்பட்டேன். பலாலியிலிருந்து சென்னைக்கு ஒரு விமானம். சென்னையிலிருந்து மதுரைக்கு மற்றொன்று. இரவுப் புகையிரதத்திற் போயிருக்கலாம், இடம் கிடைக்கவில்லை. மறுநாட் காலை எட்டு மணிக்கு வைத்தியரைக் காண வேண்டும்.

தங்கை ஒரு நீல உறையை என்னிடம் ஒப்படைத்தாள். பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, சமாதான நீதவான் முன்னிலையில் அவள் ஒப்பமிட்ட சம்மதக் கடிதம், அவளுடைய அடையாள அட்டையின் பிரதி, வைத்தியரின் கடிதம் யாவும் அதனுள் ஒழுங்காக இருந்தன. அடியில், மெல்லிய வெள்ளை உறை ஒன்றுள் இன்னுமொன்று இருந்தது. “அண்ணா, அது அவற்றை இறப்பு அத்தாட்சிப் பத்திரம். தேவைப்பட்டால் மட்டும் எடுங்கோ. அவனுக்கு முன்னால எடுக்காமல் விட்டால் நல்லது,” என்றாள். பிள்ளை முற்றத்தில் நின்றதனால் இது அவன் காதில் விழவில்லை என்றே இருவரும் எண்ணினோம்.

பலாலி விமான நிலையத்துக்கு இன்று ஓட்டோவிற் போய் இறங்கலாம் என்பதை நம் பிள்ளைகள் ஓர் அதிசயமாகக் கருதுவதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் அமைத்த தளம் அது. 1947 ஆம் ஆண்டு டிசெம்பர் 10 ஆந் திகதி எயார் சிலோன் தன் முதற் சேவையை ஆரம்பித்தபோது, இரத்மலானையிற் கிளம்பிய டக்கோட்டா விமானம் காங்கேசன்துறையில் இறங்கியே சென்னைக்குச் சென்றது. அதன் பின் எத்தனையோ காலம் அந்த வழி அடைந்து கிடந்தது. 2019 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கியது. கொள்ளைநோய் வந்து நிறுத்தியது. 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது.

என் வயதினர்க்குப் பலாலி என்றதும் நினைவுக்கு வருவது வேறு. 1998 ஆம் ஆண்டு தொடக்கத்தில், பதினைந்து வயதுச் சிறுவனாக, அம்மாவோடு அங்கிருந்து இரத்மலானைக்குப் பறந்தேன். தரைவழி மூடப்பட்டிருந்த காலம். அதுவும் உள்நாட்டுப் பிரயாணந்தான்; யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் பிரயாணம். ஆயினும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். தேசிய அடையாள அட்டை அக்காலத்திற் பதினாறு வயதிலேயே கிடைத்தது. ஆகையால், பதினாறுக்கு உட்பட்ட நான் யார் என்பதற்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும், அதிபர் படம் ஒட்டி முத்திரை குத்திக் கொடுத்த கடிதமும், கிராம சேவையாளரின் உறுதியுரையுமே சாட்சி. நான் வயதுக்கு மிஞ்சிய உயரம். சோதனை மேசையில் இருந்தவர் பத்திரத்தைப் பார்ப்பதும் என்னை அண்ணாந்து பார்ப்பதுமாக இருந்தார். “குனிஞ்சு நில்லடா,” என்று அம்மா வாய்க்குள்ளே சொன்னார். கூனிக்கொண்டு நின்றேன். அந்நாளில் பதினைந்தும் பதினாறும் ஒன்றல்ல. பதினாறும் பதினெட்டும் ஒன்றேயல்ல. உயரமான பையனைப் பெற்ற தாய்மார் பட்டபாட்டை இங்கே விரிக்கவில்லை. அவ்வாண்டு செப்ரெம்பர் 29 ஆந் திகதி அதே வழியிற் புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னாருக்கு அப்பாற் கடலில் வீழ்ந்து 55 பேரும் மாண்டனர். எங்கள் ஊரிற் பலர் அந்தப் பயணிகளின் பெயர்ப் பட்டியலை வரிவரியாக விரல் வைத்துப் படித்ததைக் கண்டிருக்கின்றேன்.

இவை எல்லாம் மனத்தில் இருந்தபடியாற் போலும், நான் கடதாசிப் பையை மார்போடு அணைத்தபடியே சென்னையில் இறங்கினேன். குடிவரவுப் பகுதியில் ஒரு தடையுமில்லை. அதன் பின் உள்நாட்டு முனையத்துக்குச் செல்ல வேண்டும். இந்திய விமான நிலையங்களில் ஒரு வழக்கம் உண்டு. வழியனுப்ப வந்தவர்கள் வாயிலுக்கு வெளியே நின்றுவிட வேண்டும். பிரயாணச் சீட்டும் அடையாளமும் காட்டியவரே கட்டடத்துள் நுழையலாம். வாயிலில் மத்திய கைத்தொழிற் பாதுகாப்புப் படையின் வீரர் நிற்பார். எங்களைச் சோதித்தவர் வடநாட்டவர். எங்கள் கடவுச்சீட்டுகளை வாங்கினார். பிள்ளையின் படம் அவன் கண்ணாடி அணியத் தொடங்குவதற்கு முன் எடுத்தது. வீரர் தம் கண்ணருகே விரலைக் காட்டிச் சைகை செய்தார். பிள்ளை கண்ணாடியைக் கழற்றினான். கழற்றியதும் எதிரே நிற்பவரின் முகம் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திராது. ஏதோ ஒரு திசையை நோக்கிச் சிரித்தான். வீரரும் சிரித்து உள்ளே விட்டார்.

இந்தப் படம் என்னும் விடயத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வளர்ந்தவனுடைய முகம் பத்து ஆண்டுகளுக்கு ஒருவாறு நிலைத்து நிற்கும். பிள்ளையின் முகமோ பல் விழுந்தால் ஒன்று, முளைத்தால் வேறொன்று. ஒரு வயதிலே எடுத்த படத்தைக் கொண்டு நாலு வயதுப் பிள்ளையை எவர் அடையாளங் காண்பார்? அதனாலேதான் போலும், பல நாடுகள் உள்நாட்டு விமானங்களிற் பிள்ளையிடம் படமுள்ள அட்டையை வற்புறுத்துவதில்லை. அமெரிக்காவில், பெரியவர் ஒருவரோடு செல்லும் 18 வயதுக்குக் குறைந்தவரிடம் பாதுகாப்புச் சோதனையில் அடையாளம் கேட்பதில்லை. இந்தியாவிலும் விதி ஏறக்குறைய அத்தகையதே. பெரியவர்கள் கடவுச்சீட்டு, வாக்காளர் அட்டை, ஆதார், சாரதி அனுமதிப் பத்திரம் முதலியவற்றுள் ஒன்றைக் காட்ட வேண்டும். தகுந்த அடையாளத்தோடு பெற்றோரோ பாதுகாவலரோ உடன் வருவாராயின் பிள்ளைக்குத் தனி அடையாளம் வேண்டியதில்லை. எங்களைப் போன்ற அயல்நாட்டாருக்குக் கடவுச்சீட்டே எல்லாம். அதைப் பெட்டியிற் பூட்டி அனுப்பிவிடாமற் கையிலே வைத்திருப்பது நன்று.

சுருங்கச் சொன்னால், பிள்ளைக்கு அடையாள அட்டை அவனோடு வரும் பெரியவரே. கேட்க இது எவ்வளவு இலகுவாக இருக்கின்றது! அந்தப் பெரியவர் தகப்பனோ தாயோ அல்லாதபோது இலகு போய்விடுகின்றது.

அதற்கு முன் கைக்குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களுக்கு முன்னே வரிசையில் மதுரைக்காரரான இளந்தம்பதிகள் ஒரு குழந்தையோடு நின்றனர். நல்ல கொழுத்த குழந்தை. தாயின் தோளிலிருந்து இறங்கி எங்கள் பெட்டியின் மேல் ஏற முயன்றுகொண்டிருந்தது. சீட்டுப் பார்க்கும் பெண் அதன் வயதுக்கு அத்தாட்சி கேட்டாள். இரண்டு வயது நிரம்பாத குழந்தை மடியிலே பிரயாணஞ் செய்யலாம். நிரம்பினால் தனி ஆசனம் எடுக்க வேண்டும். இந்திய விமானங்களில் அதற்குக் கட்டணமும் பெரும்பாலும் பெரியவர் கட்டணமே. தகப்பனார், “இருபத்திரண்டு மாசந்தாங்க ஆகுது,” என்றார். பெண் குழந்தையைப் பார்த்தாள். அது மூன்று வயதுப் பிள்ளையைப் போலப் பெட்டியின் மீது நின்று கையசைத்தது! அவர்கள் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவரவில்லை. பின்னர் பாட்டிக்குத் தொலைபேசிப் பேச்சு. தடுப்பூசிப் புத்தகத்தின் படம் தகப்பனின் கைத்தொலைபேசிக்கு வந்து சேரப் பதினைந்து நிமிடம். அதுவும் போதுமாம். பிறப்புச் சான்றிதழ் இல்லாவிடின் தடுப்பூசிப் பதிவையோ, பிரசவித்த தாயை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது கொடுக்கும் பத்திரத்தையோ ஏற்றுக்கொள்ளும் விமானச் சேவைகள் அங்கே உள்ளன. அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கித் திகதியைப் பார்த்தபின், குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சீட்டைக் கொடுத்தாள்.

பணத்துக்காகவே வயதைக் கேட்கின்றார்கள் என்று நான் முன்பு எண்ணியிருந்தேன். அது முழு உண்மையன்று. விமானம் கிளம்புமுன் அதிலுள்ள பெரியவர், சிறுவர், கைக்குழந்தைகள் எத்தனை பேர் என்பதைத் தனித்தனியே எண்ணிப் பாரக் கணக்கு எழுதுகின்றார்கள். மடியிலிருக்கும் குழந்தைக்குத் தாயின் பட்டியோடு கோக்கும் சிறு பட்டி வேறு. காற்றழுத்தம் குறைந்தால் தலைக்கு மேலிருந்து விழும் சுவாசக் கவசங்கள், மூன்று ஆசனமுள்ள வரிசைக்குப் பொதுவாக நான்கே. ஆகையால் அந்த வரிசையில் ஒரு கைக்குழந்தைக்கு மேல் இருத்துவதில்லை. அவசர வழியை ஒட்டிய வரிசையிலோ பிள்ளைகளுக்கு இடமே கிடையாது. வயதை மறைத்து ஆசனப் பணத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் பெற்றோர், குலுங்கும் விமானத்தில் இரண்டரை வயதுப் பிள்ளையைக் கைகளால் மட்டும் தாங்கிக்கொள்ள முடியுமா என்று ஒரு தரம் யோசிக்கலாம்.

இனி எங்கள் முறை. பெண் இரு கடவுச்சீட்டுகளையும் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், புருவத்தை நெரித்தாள்.

“சார், உங்க புக்கிங்ல நீங்க மட்டுந்தான் இருக்கீங்க. பையன் தனி புக்கிங். அதுவும் அடல்ட்னு போட்டிருக்கு.”

நடந்தது இதுதான். என் சீட்டை முதலில் எடுத்திருந்தேன். பிள்ளை வருவது நிச்சயமானதும், ஊரிலுள்ள பிரயாண முகவரிடம் அவனுக்கும் ஒன்று எடுக்கச் சொன்னேன். பிள்ளையைத் தனியே பதிவு செய்யக் கணினி இடங்கொடாமையால், அவர் அவனைப் ‘பெரியவர்’ என்று எழுதிக் காரியத்தை முடித்துவிட்டார்! கட்டணத்தில் ஒரு சதமும் மிச்சமில்லை, வந்ததெல்லாம் வில்லங்கமே. கணினியைக் கேட்டால் பதினொரு வயதுப் பிள்ளை ஒருவன் பெரியவனாகத் தன்னந்தனியே மதுரைக்குப் போகின்றான்; பக்கத்தில் நிற்கும் நான் அவனுக்கு யாரோ. பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவர் அருகில் ஆசனம் ஒதுக்க வேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமையகம் 2024 ஆம் ஆண்டு ஏப்ரலிற் பணித்திருக்கின்றது. ஆனால் அச்சலுகை ஒரே பதிவிலே செல்வோர்க்கே உரியது. குடும்பத்தோடு செல்வோர் இந்த ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்.

“நீங்க பையனுக்கு என்ன உறவு?”

“தாய்மாமன்.”

“அதுக்கு ஏதாச்சும் டாக்குமென்ட்?”

அப்பொழுதுதான் எனக்குத் திகைப்பு உண்டாயிற்று. நம் வழக்கில் மாமன் என்பவன் தகப்பனுக்கு அடுத்தவன். காது குத்துவதிலிருந்து கலியாணம் வரை அவன் இன்றிக் காரியமில்லை. ஆனால் கடவுச்சீட்டில் என் பெயரோடு இருப்பது என் தகப்பனார் பெயர். பிள்ளையின் பெயரோடு இருப்பது அவன் தகப்பனார் பெயர். தங்கையின் கடிதத்தில் அவள் பெயரோடு இருப்பது அவள் கணவரின் பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்றை வழிவழியாகச் சுமக்காத சமூகம் நாம். மூன்று பத்திரங்களையும் அருகருகே வைத்தால் மூவரும் அந்நியர்! என்னுடையதும் தங்கையுடையதுமான பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள் இருந்தால் ஒரே தகப்பன் பெயரைக் காட்டியிருக்கலாம். எத்தனை கடதாசி கொண்டுவந்தும் அந்த இரண்டையும் வீட்டில் விட்டுவிட்டேன்.

மேலதிகாரி வந்தார். நரைத்த தலையர், அமைதியான மனிதர். சமாதான நீதவானின் முத்திரையிட்ட கடிதத்தை நின்றபடியே முழுவதும் படித்தார். படித்துவிட்டு, “அம்மா கையெழுத்து இருக்கு. பையனோட அப்பா?” என்றார்.

அவர் கேட்டதிற் குற்றமில்லை. பிறர் பிள்ளையை அழைத்துச் செல்பவனைப் பற்றி ஐயுறுவது அப்பிள்ளைக்குச் செய்யும் உபகாரம். ஐயுறாமல் விட்டால் யார் யாரோ யார் யாருடைய பிள்ளைகளையோ கொண்டு போய்விடலாம். இது எனக்குப் புத்தியிற் பட்டது. ஆனாற் கை நீல உறையின் மேலே நின்றுவிட்டது. அந்த வெள்ளை உறையைப் பிள்ளையின் கண்முன் எடுப்பதா? அதிகாரியைத் தனியே அழைத்துக் காதிற் சொல்வதா? அவ்வாறு அழைத்தால் அதுவே ஐயத்துக்கு இடமாகுமே. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

“மாமா, அப்பான்ரை சேட்டிபிக்கற் அடியில இருக்குது. அம்மா வைக்கேக்கை நான் பாத்தனான்.”

பிள்ளை என் கையிலிருந்த நீல உறையை வாங்கினான். மற்றக் கடதாசிகள் குலையாமல் அடியில் விரலை விட்டு வெள்ளை உறையை எடுத்தான். அதைத் திறந்து, பத்திரத்தை விரித்து, இரு கைகளாலும் மேலதிகாரியிடம் நீட்டினான். பள்ளிக்கூடத்தில் அதிபரிடம் தேர்ச்சி அறிக்கையை நீட்டுவது போலவே இருந்தது.

யாழ்ப்பாணத்திற் பதியப்பட்ட பத்திரம் ஆகையால் தமிழிலே இருந்தது. வாயிலில் நின்ற வடநாட்டு வீரர்க்கு அது வெறுங் கோடுகளாகவே தோன்றியிருக்கும். இவர் தமிழர், வாசித்தார். இறந்தவரின் பெயரையும் கடவுச்சீட்டில் பிள்ளையின் பெயரோடு இருந்த பெயரையும் ஒப்பிட்டார். பின் மடித்திருந்த மடிப்பிலேயே திரும்ப மடித்து, என்னிடம் அன்று, பிள்ளையிடமே கொடுத்தார். “ஒங்க மாமாதானே?” என்று கேட்டார். “ஓம்,” என்றான் அவன். அந்த ‘ஓம்’ அவர்க்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டார். இரண்டு பதிவுகளையும் இணைத்து, ஆசனங்களை அருகருகே மாற்றும்படி பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் பத்து நிமிடத்துக்குள் முடிந்தது.

பாதுகாப்புச் சோதனை கடந்து உள்ளே அமர்ந்தபோது நேரம் நிறைய இருந்தது. சென்னை விமான நிலையம் பார்த்துக்கொண்டிருக்கத் தக்க இடம். ஒரு புறம் பல்லாவரத்துக் குன்றுகள், மறுபுறம் பரங்கிமலை, ஓடுபாதைகளுள் ஒன்று அடையாற்றின் மேலே பாலமாகச் செல்கின்றது. 1932 ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு முதன்முதலாக டாட்டாவின் விமானத் தபால் வந்தது. அதிற் பிரயாணிகள் இல்லை. தபாற் பைகளே வந்தன. தபாற் பைக்குத் தகப்பன் பெயர் கேட்பாரில்லை என்று எண்ணிக்கொண்டேன். பிள்ளையிடம் ஏதேனும் சொல்ல வேண்டும் போல இருந்தது. என்ன சொல்வது? ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகள் கழித்தவனுக்கு ஒரு வசனம் வரவில்லை.

அவனே கேட்டான். “மாமா, நீங்கள் என்னைப்போலை இருக்கேக்கை பிளேனிலை போனனீங்களோ? உங்களிட்டையும் பேப்பர் கேட்டவையோ?”

பலாலிக் கதையைச் சொன்னேன். முழுவதையும் அன்று. பதினைந்து வயதில் இப்போதைய உயரம் இருந்ததையும், அம்மம்மா குனியச் சொன்னதையும், நான் முதுகைக் கூனிக்கொண்டு கிழவனைப் போல நின்றதையும் மட்டுமே சொன்னேன். எழுந்து நின்று காட்டவும் செய்தேன். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்திலிருந்த கொழுத்த குழந்தையும் காரணம் அறியாமலே சேர்ந்து சிரித்தது. அதன் தாய், கைத்தொலைபேசியிலிருந்த தடுப்பூசிப் படத்தை இழந்துவிடக் கூடாது என்று கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது மறுபடியும் கேட்பார்களாம்.

விமானத்தில் அவனுக்கு யன்னலோரம் கிடைத்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பிரயாணம். முதலில் வெள்ளை மேகந்தான். அது கலைந்தபோது கீழே செம்மண்ணும், சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகள் போலக் கண்மாய்களும் தோன்றின. வைகையில் நீரைக் காட்டிலும் மணலே அதிகம். நீல உறை அவன் மடியிலேயே இருந்தது. நான் கேட்கவில்லை, அவனும் தரவில்லை. மாலை வெயில் சாய்ந்திருந்த வேளையில் விமானம் தாழ்ந்தபோது, வெளியின் நடுவே நீண்டு படுத்த ஒரே பாறையாக யானைமலை தெரிந்தது. அதைக் காட்டிப் பெயரைச் சொன்னேன்.

பிள்ளை கண்ணாடியைக் கழற்றிச் சட்டை விளிம்பில் துடைத்து மறுபடி அணிந்துகொண்டு, முகத்தை யன்னலோடு ஒட்டிப் பார்த்தான்.

“தும்பிக்கை எந்தப் பக்கம், மாமா?” என்றான்.